லேசாக வெண்ணெய் வாடை

நுரை நன்றாக நின்றது, பிளாங்கா. நான்கு நிமிஷத்துக்கு மேல் நின்றது. ஒவ்வொரு மடக்குக்கும் கோப்பையின் உட்பக்கம் ஒரு வளையம் படிந்தது. ஏழு வளையம் எண்ணினேன். ஏழு மடக்கில் குடித்து முடித்திருக்கிறேன், என் வயதுக்கு அது வேகம்தான்.

கல்லறைத் திருநாளன்று அப்பாவுக்குச் சாமந்தி வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் நீ என் வாசலில் வைத்துப்போன இரண்டு பாட்டில்களும் பத்திரமாகக் கிடைத்தன. கதவைத் தட்டியிருக்கிறாய். நான் உள்ளேதான் இருந்தேன், திறக்கவில்லை. நீ எழுதி வைத்திருந்த காகிதத்தைப் பலமுறை படித்துவிட்டேன். "மூடியில் 3 போட்டது அப்பாவோட கடைசி பீர். ஜனவரியில அடைச்சது, நிலவறையில பதினோரு பாட்டில் இருந்தது. 4 போட்டது நான் செஞ்சது, அப்பாவோட நோட்டைப் பாத்து. லோய்ஸா மாமா, ரெண்டையும் குடிச்சுப் பாத்துட்டு எப்பவும்போல சீட்டு எழுதி அனுப்புங்க. அப்பா உங்க நாக்கைத் தவிர வேற யார் நாக்கையும் நம்பினதில்ல."

வீட்டில் பீர் காய்ச்சுகிற எங்கள் சங்கத்துச் சீட்டில் ஆறே வரிகள். தோற்றம், வாசனை, ருசி, வாயில் தங்குவது, குறை, ஆலோசனை. மூன்றாம் எண்ணுக்கு முதல் நான்கு வரிகளைச் சிரமமில்லாமல் நிரப்பிவிட்டேன். ஐந்தாவதில் பேனா நின்றுவிட்டது. அதனால்தான் தனிக் காகிதத்தில் எழுதுகிறேன். உன்னுடைய நான்காம் எண்ணுக்குக் கடைசியில் வருகிறேன்.

மூன்றாம் எண்ணில் குறை எதுவும் இல்லை. இதை நான் நான்கு வருஷத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும்.

நீ திஷ்னோவை விட்டுப் போய் நாளாகிவிட்டது, எங்கள் சனிக்கிழமைகளை நீ பார்த்திருக்க மாட்டாய். மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தீயணைப்பு நிலையத்து மாடியில் ஒன்பது பேர் கூடுவோம். ஆளுக்கு மூன்று பாட்டில், லேபிள் கிடையாது, மூடியில் எண் மட்டும். யாருடையது எது என்று யாரும் சொல்லக்கூடாது. காலையில் ஊறவைத்த பாலாடைக்கட்டியோ வெங்காயமோ தின்றுவிட்டு வந்தவனுக்கு அன்று கோப்பை கிடையாது. வாய் பேசாமல் குடித்து, சீட்டெழுதி, மடித்து வைக்க வேண்டும். எல்லாச் சீட்டும் மடிந்த பிறகுதான் பேச்சு. அவரவர் பீருக்கு வந்த சீட்டுகளை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிப்பார்கள். சிலர் படித்துவிட்டு இரண்டு மாதம் வரமாட்டார்கள்.

என் சீட்டுக்கு அங்கே தனி மரியாதை இருந்தது. பால் பண்ணைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் வெண்ணெய் ருசி பார்த்தவன் நான். பீரில் வருகிற குறைகளிலேயே வெண்ணெய் வாடைதான் பொல்லாதது. ஈஸ்ட் தன் வேலையை முடிக்கும் முன் அவசரப்பட்டுக் குளிரில் வைத்துவிட்டால் அது தங்கிவிடும். பல மூக்குகளுக்கு அது எட்டாது. சிலருக்குப் பிறவியிலேயே எட்டாது. ஆனால் தனக்கு எட்டவில்லை என்று அந்த மாடியில் ஒருத்தரும் ஒப்புக்கொண்டதில்லை. நான் கோப்பையை இரண்டு விரற்கடை தள்ளி வைத்தால் போதும், மற்ற எட்டுப் பேரும் அதைப் பார்த்துவிடுவார்கள். ஒருமுறை விளையாட்டாக ஒரு நல்ல பீரைத் தள்ளி வைத்தேன். சீட்டெல்லாம் மடித்தபின் தபாலாபீஸ் ஸோர்க்கா சொன்னாள், "எனக்கு வாயில வெச்சதுமே தெரிஞ்சுபோச்சு. கேக்கைக் கரைச்சுக் குடிச்ச மாதிரி இருக்கு." ஒன்பது சீட்டில் ஆறில் வெண்ணெய் என்று இருந்ததாம். அதைக் கேட்டு நான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்தேன். அப்போது அது வெறும் சிரிப்புதான்.

என் மனைவி ஹெர்மீனா இறந்தபின் உன் அப்பா விலெம் வியாழக்கிழமைதோறும் என் வீட்டுக்கு வர ஆரம்பித்தான். எப்படி இருக்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. உருளைக்கிழங்கு சூப் வைப்பான், சாப்பிடுவோம், சட்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போவான். திங்கட்கிழமை காலையிலிருந்தே நான் வியாழனுக்குக் காத்திருப்பேன். இதை அவனிடம் சொன்னதில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

அந்த இலையுதிர்காலத்து வியாழன் ஒன்றில் அவன் கையில் ஒரு பாட்டிலோடு வந்தான். ஹெர்மீனாவின் நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் பேசினான்.

"லிபரெட்ஸ்ல ஒரு சின்ன பீர் ஆலைடா. போட்டியில என் பன்னிரண்டு டிகிரி பீரைக் குடிச்சுப் பாத்தானாம், வந்து காய்ச்சித் தர்றியான்னு கேக்கறான். பிளாங்கா வீட்டுலேருந்து நடந்து போற தூரம்."

"அப்புறம் என்ன, போக வேண்டியதுதானே?"

"பயமா இருக்குடா. ஒரு தடவை நல்லா வந்துட்டா ஆச்சா? நீ குடிச்சுப் பாரு. நல்லாருக்குன்னு நீ சொல்லிட்டீன்னா நாளைக்கே பொட்டி கட்டிடறேன்."

குடித்தேன். அதைப்போல ஒரு பீரை அதற்கு முன் நான் குடித்ததில்லை. ரொட்டியின் மேல்தோல், கொஞ்சம் தேன், கடைசியில் ஹாப்ஸ் பூவின் கசப்பு, அதுவும் அளவோடு வந்து அளவோடு போனது. எனக்கு அழுகை வந்தது. அது சந்தோஷ அழுகை என்று அன்று நினைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை நான்கு மணிக்கு என் அடுப்பு எரியாத வீட்டை அந்த ஒரு மடக்குக்குள் பார்த்தேன்.

"லேசா வெண்ணெய் வாடை," என்றேன்.

"அப்படியா? எனக்குத் தெரியலயே."

"உனக்கு எப்படித் தெரியும்? அதுலயே ஊறிப்போயிருக்கே."

அவன் கோப்பையை வாங்கி மறுபடி மோந்தான். மூக்கை அதற்குள்ளேயே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தான். பிறகு தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். "உன்ன மாதிரி ஒரு மூக்கு இருந்திருந்தா நான் போலீஸ் நாய் வேலைக்குப் போயிருப்பேன்டா," என்று சிரித்தான். ஆலைக்காரனிடம் ஒரு வருஷம் தவணை கேட்டு எழுதினான். நாங்கள் சூப் குடித்தோம்.

நான் செய்ததை நீ நியாயமாகப் பார்க்க வேண்டும். ஒரு மனிதன் தன் சிநேகிதனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறான். ஒருத்தன் விருந்து வைத்துப் பிடித்து வைப்பான், இன்னொருத்தன் நோயைக் காட்டிப் பிடித்து வைப்பான். என்னிடம் இருந்தது நாக்கு ஒன்றுதான்.

ஒரு வருஷம் இரண்டானது. விலெம் ஈஸ்ட்டை மாற்றினான். குழாய்களை மாற்றினான். பெரிய சட்டியைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறு வாங்கினான். குளிரில் வைக்கும் முன் இரண்டு நாள் காத்திருந்தவன் நான்கு நாள், ஆறு நாள் என்று காத்திருந்தான். ஒவ்வொரு தடவையும் பீர் முன்னைவிட நன்றாக வந்தது. ஒவ்வொரு தடவையும் நான் ஐந்தாவது வரியில் அதையே எழுதினேன். என் எழுத்து அவனுக்குத் தெரியும், அதனால் மற்ற சீட்டுகளை அவன் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. பிறகு அந்த நாற்பது லிட்டரையும் அவன் காய்ச்சுகிற சலவைக் கொட்டகையின் சாக்கடையில் கொட்டுவான். சட்டி கனம், ஒருத்தரால் தூக்க முடியாது. மறுபக்கத்துக் காதை நான் பிடித்துக்கொள்வேன். போகிற பீரைப் பார்த்து அவன் ஒருமுறை "மன்னிச்சுக்கடா" என்றான். பீரிடம் சொன்னானா, என்னிடம் சொன்னானா தெரியவில்லை. எனக்கு நெஞ்சு வலித்தது. ஆனாலும் அடுத்த மாதமும் எழுதினேன்.

இதற்கிடையில்தான் அந்தக் காய்ச்சல் வந்து அவனுக்கு மூக்கு அடைத்துப்போனது. ஊரில் பாதிப் பேருக்கு அப்படி ஆனதுதான். மூன்று வாரம் கழித்துக் காலையில் போன் பண்ணினான்.

"காப்பி மணக்குதுடா லோய்ஸா. காப்பி! நான் அழுதுட்டேன்."

நான் ஐந்து கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனேன். தொழிற்சாலையில் புது ஆட்களைச் சோதிக்கிற முறை அது. கிராம்பு, வினிகர், சோம்பு, ஈர வைக்கோல், வெண்ணெய். அவன் கண்ணைக் கட்டி ஒவ்வொன்றாக மூக்கருகே பிடித்தேன். ஐந்தையும் சரியாகச் சொன்னான். கட்டை அவிழ்க்கும் முன்பே கோப்பைகளைத் துணியால் மூடிவிட்டேன்.

"எத்தனடா?"

"அஞ்சுல மூணு."

"வெண்ணெய்?"

"அதைத்தான் சோம்புன்னுட்டே."

அவன் கண்கட்டு கழுத்தில் தொங்க, நோட்டை எடுத்து எழுதிக்கொண்டான். அந்தப் பக்கத்தை நீயும் பார்த்திருப்பாய். '3/5' என்று போட்டு அடிக்கோடு இழுத்திருப்பான்.

அதன்பின் வேலை சுலபமானது. ஜூன் மாதத்தில் சதுக்கத்து லிண்டன் மரத்தடியில் இருவரும் நின்றோம். மரம் முழுக்கப் பூ, தேனீ இரைச்சல். தெருவே மணத்தது. அவன் முகத்தைத் தூக்கி மூச்சை இழுத்தான். குழந்தை முகம்போல இருந்தது.

"என்ன வாசனைடா இது!"

"பூ இருக்கு. வாசம் போயி ஒரு வாரமாச்சு."

"அப்ப எனக்கு வர்றது?"

"போன வருஷத்து ஞாபகமா இருக்கும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். அன்று முதல் எதை மோந்தாலும் என்னைக் கேட்டுக்கொள்வான். ரொட்டி கருகுதா? ஈரத்துணி நாறுதா? மழை வருமா? நான் ஆம் என்றால் உண்டு, இல்லை என்றால் இல்லை. 'லோய்ஸா இல்லை என்கிறான்' என்று நோட்டில் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று நீ எண்ணியிருக்கிறாயா? வாரத்தில் ஒரு வியாழன் இருந்தது போய், தினமும் ஏதாவது கேட்க வந்தான். அந்த இரண்டு வருஷமும் நான் சந்தோஷமாக இருந்தேன். இதை எழுதக் கூசுகிறது, ஆனால் சீட்டில் உள்ளதை உள்ளபடிதான் எழுத வேண்டும்.

இனி மார்ச் மாதத்து வியாழன். காலை ஒன்பதரைக்கு அவன் வீட்டுக்குப் போனேன். அன்று காய்ச்சுகிற நாள். முற்றத்தில் என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"பிளாங்கா முழுகாம இருக்காடா. நான் தாத்தா ஆகப்போறேன்."

"நல்ல சேதி."

"ஈஸ்டருக்கு அங்கேயே போயிடலாம்னு இருக்கேன். ஆலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். இன்னிக்குக் காய்ச்சறதுதான் கடைசி. மூக்கு போனா போவுது, பேரப்புள்ளயத் தூக்க மூக்கு எதுக்குடா?"

நான் சிரித்தேன் என்றுதான் நினைவு. இருவரும் சலவைக் கொட்டகைக்குப் போனோம். குளிருக்காக ஜன்னலை அவன் அடைத்தே வைத்திருந்தான். வாசற்படியில் நின்றான்.

"நேத்துதான் புது சிலிண்டர் மாட்டினேன். கேஸ் வாடை வர்ற மாதிரி இருக்கு. உனக்கு வருதா?"

வந்தது, பிளாங்கா. அழுகின கோஸ் மூட்டைமேல் படுத்துக்கொண்ட மாதிரி வந்தது. தொண்டைவரை இறங்கியது. தரையை ஒட்டி நிறைந்திருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரிந்தது.

"இல்லயே," என்றேன்.

"சுத்தமா இல்ல?"

"இல்லடா. உன் மூக்கு."

அவன் தலையை ஆட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனான். நோட்டு அங்கேதான் ஆணியில் தொங்கும். எழுதிவிட்டுத் திரும்பி வந்தான். "தண்ணி கொதிக்கறதுக்குள்ள போயி ரொட்டி வாங்கிட்டு வந்துடு. கசகசா தூவினது," என்றான். சட்டைப்பையில் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தான். நான் கிளம்பினேன்.

ரொட்டிக்கடை அவன் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது, நான்காவது கட்டடம். நான் வெளியே வந்ததும் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நடந்தேன். ஏன் கடந்தேன் என்று இந்த எட்டு மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வெயில் அந்தப் பக்கம் இருந்தது என்று முதலில் நினைத்தேன். அன்று வெயிலே இல்லை.

போலீஸ்காரர் மரியாதையானவர். எனக்குப் போர்வை கொடுத்தார். காய்ச்சலுக்குப் பிறகு விலெமுக்கு மூக்கு சரியில்லை, நான் பலமுறை சொல்லியிருக்கிறேன் என்றேன். ஸோர்க்கா உட்பட சங்கத்தின் மற்ற ஏழு பேரும் அதையே சொன்னார்கள். அவர்களுக்குத் தெரிந்தது அதுதான். விபத்து என்று எழுதினார்கள். சவப்பெட்டியைத் தூக்கும்போது ஒரு பக்கத்துக் கைப்பிடியை நான்தான் பிடித்திருந்தேன். நீ உன் வயிற்றோடு என்மேல் சாய்ந்து அழுதாய். அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ விலகிவிடுவாய் என்று சொல்லவில்லை.

ஆகவே ஐந்தாவது வரி. உன் அப்பாவின் பீரில் ஒருநாளும் வெண்ணெய் வாடை இருந்ததில்லை. அவன் மூக்கு கடைசி நிமிஷம்வரை சரியாக இருந்தது. கேஸ் கசிந்தது அவனுக்குத் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது, நான் இல்லை என்றேன். அவன் என்னை நம்பித் தீக்குச்சியைக் கிழித்தான். உன் அப்பாவை நான் கொன்றேன். இந்தக் காகிதத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீ இதை எந்த அலுவலகத்துக்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம், நான் எங்கேயும் போகப்போவதில்லை. அவனை நான் நேசித்தேன். அதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்.

எழுதி முடித்ததும் மனசு கழுவிவிட்ட மாதிரி இருக்கிறது. இவ்வளவு நாள் கழித்து இன்றுதான் என் நாக்கு சுத்தமாக இருக்கிறது. அந்த நாக்கோடுதான் உன் நான்காம் எண்ணைத் திறந்தேன்.

நிறம் நன்றாக இருக்கிறது. நுரை மூன்று நிமிஷம், முதல் தடவைக்கு அது அதிகம். ரொட்டித்தோல் வாசனையை அப்பாவைப்போலவே கொண்டுவந்திருக்கிறாய். கசப்பும் அளவுதான். லிபரெட்ஸில் சங்கம் ஒன்று இருப்பதாகவும், அடுத்த மாதம் அங்கே கொடுக்கப்போவதாகவும் காகிதத்தின் பின்பக்கம் எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறு. இத்தனையும் ஒப்புக்கொண்டபின் உன்னிடம் பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது எதுவும் இல்லை, அதனால் உள்ளதைச் சொல்கிறேன். லேசாக வெண்ணெய் வாடை இருக்கிறது. உனக்குத் தெரியாது, அதிலேயே ஊறிப்போயிருப்பாய். மனம் தளராதே, இது திருத்தக்கூடியதுதான். குழந்தையையும் தூக்கிக்கொண்டு ஒரு வியாழக்கிழமை வா. சூப் வைக்கிறேன்.